பத்மநாபபுரம் அரண்மனை கற்பித்த பாடம்

(பத்தாம் வகுப்பு மாணவி, ஆனைக்குட்டம்)

முன்னுரை

கல்விச் சுற்றுலா என்பது நான்கு சுவர்களுக்கு வெளியே நடைபெறும் வகுப்பு என்று எங்கள் சமூக அறிவியல் ஆசிரியைச் சகோதரி அவர்கள் அடிக்கடி கூறுவார்கள். இவ்வாண்டு அவர்கள் தலைமையில் பத்தாம் வகுப்பு மாணவியர் அனைவரும் கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள பத்மநாபபுரம் அரண்மனையைக் கண்டு வந்தோம். எத்தனை மண்டபங்கள், எந்த ஆண்டு, எந்த அரசர் என்று நாங்கள் அனைவரும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம். என் குறிப்பு மட்டும் பதினான்கு பக்கம் வந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

அன்றிரவு வீடு திரும்பியதும் என் அம்மாச்சியிடம் அனைத்தையும் ஒன்றுவிடாமல் கூறினேன். அம்மாச்சிக்கு எழுபது வயதுக்கு மேலாகிறது. ஆனைக்குட்டத்தை விட்டு அதிகத் தொலைவு சென்றறியாதவர். சிறுமியாக இருந்தபோதே தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கப் போனவர். நான் சொல்லச் சொல்ல, திண்ணையில் கால் நீட்டி அமர்ந்து தலையை அசைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

"அம்புட்டுப் பெரிய வீட்டைத் தெனமும் யாரு தாயி கூட்டிப் பெருக்குனது?"

பதினான்கு பக்கத்திலும் அதற்கு விடை இல்லை. மறுநாள் இதைச் சகோதரி அவர்களிடம் சொன்னபோது சிரிப்பார்கள் என்று நினைத்தேன். அவர்கள் சிரிக்கவில்லை. "அதுதான் வரலாற்றுக் கேள்வி. விடை தேடு, தேடியதை ஆண்டு மலருக்கு எழுதிக் கொடு" என்றார்கள். அவ்வாறு பிறந்ததே இக்கட்டுரை.

வழிப்பயணம்

விடியுமுன் புறப்பட்ட எங்கள் பேருந்து சாத்தூர், கோவில்பட்டி, திருநெல்வேலி வழியாகத் தெற்கு நோக்கிச் சென்றது. வள்ளியூர் தாண்டும்வரை நாம் நாள்தோறும் காணும் காட்சிதான்: வெயில், உடைமரம், காய்ந்த கண்மாய். ஆரல்வாய்மொழிக் கணவாயை நெருங்கியதும் எல்லாம் மாறியது. முப்பந்தலில் வரிசை வரிசையாகக் காற்றாலைகள் சுழன்றன. மலை இரு பக்கமும் கிட்ட வந்தது. கணவாயைக் கடந்ததும் தென்னை, வாழை, வயல், தண்ணீர்! ஆனைக்குட்டத்தில் அருச்சுனா நதியில் வெள்ளம் வந்தால் ஊரே கரைக்குச் சென்று வேடிக்கை பார்க்கும். இங்கோ வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடுவதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆரல்வாய்மொழியில் காற்றாடிமலை என்னும் குன்றைச் சகோதரி அவர்கள் எங்களுக்குக் காட்டினார்கள். "இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அரண்மனையைப் பார்த்த பிறகு இதைப் பற்றிப் பேசுவோம்" என்றார்கள். நானும் பின்னர் கூறுவேன்.

ஊரும் அரண்மனையும்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் சாலையில் தக்கலை என்னும் ஊர் உள்ளது. அதனை ஒட்டி, வேளிமலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள சிற்றூரே பத்மநாபபுரம். இதன் பழைய பெயர் கல்குளம். ஊரைச் சுற்றிக் கருங்கல் கோட்டை இருக்கிறது. கோட்டைக்குள் தெருக்களும் வீடுகளும் கோயில்களும் உள்ளன. இன்றும் மக்கள் அங்கே குடியிருந்து, கோலமிட்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் தெருக்களின் நடுவே ஏறத்தாழ ஆறரை ஏக்கர் பரப்பில் அரண்மனை விரிந்து கிடக்கிறது.

மதுரையில் திருமலை நாயக்கர் மகாலைப் பார்த்தவர்கள் 'அரண்மனை' என்றவுடன் வானளாவிய தூண்களை எதிர்பார்ப்பார்கள். நானும் அவ்வாறே எதிர்பார்த்தேன். ஆனால் இங்கே நாம் முதலில் காண்பது ஓடு வேய்ந்த சரிவான கூரையே. பெரிய வீடு ஒன்றின் முன் நிற்பது போலவே தோன்றும். காலணிகளைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே சென்ற பிறகுதான் அதன் பெருமை விளங்குகிறது.

வரலாறு

இவ்வரண்மனையை 1601-ஆம் ஆண்டளவில் வேணாட்டு மன்னர் இரவிவர்ம குலசேகரப் பெருமாள் கட்டத் தொடங்கியதாகக் கூறுவர். அதன் பழைய பகுதியான தாய்க்கொட்டாரம் அதற்கும் முந்தியது என்றும், 16-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது என்றும் கருதப்படுகிறது. 'கொட்டாரம்' என்றால் மலையாளத்தில் அரண்மனை.

1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்ட வர்மா சிறு நாடாக இருந்த வேணாட்டைத் திருவிதாங்கூர் என்னும் பெரிய அரசாக்கினார். 1741-இல் குளச்சல் கடற்கரையில் நடந்த போரில் டச்சுக்காரரின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை அவர் தோற்கடித்தார். ஐரோப்பியக் கம்பெனி ஒன்றை இந்திய அரசர் ஒருவர் போரில் வென்றது அக்காலத்தில் சிறிய செய்தியன்று. அப்போது சிறைப்பட்ட டி லனாய் என்னும் படைத்தலைவரைக் கொன்றுவிடாமல், தம் படைக்குப் பயிற்சி அளிக்கும் பொறுப்பை அவரிடமே மன்னர் ஒப்படைத்தார். டி லனாய் திருவிதாங்கூரின் பெரிய தளபதியானார். 1777-இல் இறந்த அவருடைய கல்லறை அருகிலுள்ள உதயகிரிக் கோட்டையில் இருக்கிறது. அக்கல்லறையில் இலத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறார்கள்.

மார்த்தாண்ட வர்மா 1750-இல் தம் நாட்டையே திருவனந்தபுரம் பத்மநாபசுவாமிக்குக் காணிக்கையாக்கி, இறைவனின் அடியவராக நின்று ஆட்சி செய்தார். அரண்மனையைப் பெரிதாக்கிக் கட்டியவரும் அவரே. கல்குளம் பத்மநாபபுரம் ஆனதும் அவர் காலத்தில்தான். 1795-இல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறியது.

1956 நவம்பர் 1 அன்று கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீசுவரம் ஆகிய வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் உருவாயிற்று. ஊர் தமிழ்நாட்டுக்கு வந்தது. ஆனால் அரண்மனையைப் பாதுகாக்கும் பொறுப்பு கேரள அரசின் தொல்லியல் துறையிடமே இருக்கிறது. தமிழ்நாட்டு மண்ணில் நிற்கும் அரண்மனையில் கேரளப் பணியாளர்கள் மலையாளம் கலந்த தமிழில் நமக்கு விளக்கம் சொல்வது கேட்க இனிமையாக இருக்கிறது. 2014-ஆம் ஆண்டு முதல் இவ்வரண்மனை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலிலும் இடம்பெற்றுள்ளது.

மரத்தால் ஆன மாளிகை

மலைநாட்டில் தேக்கும் பலாவும் ஈட்டியும் செழித்து வளர்கின்றன. இரண்டு பருவக் காற்றுகளாலும் மழை பெய்கிறது. ஆகவே அங்குள்ளோர் மரத்தால் வீடு கட்டி, மழைநீர் வழிந்தோடச் சரிவான ஓட்டுக்கூரை அமைத்தார்கள். நம் ஊரில் மொட்டை மாடி கட்டி அதில் வற்றல் காயப்போடுகிறோம். அவரவர் வானம் எப்படியோ அவரவர் கூரையும் அப்படியே.

வாயிலில் உள்ள மண்டபம் பூமுகம் எனப்படும். அதன் மரக்கூரையில் ஒன்றைப்போல் மற்றொன்று இராத தொண்ணூறு பூக்களைச் செதுக்கியிருக்கிறார்கள். கழுத்து வலிக்க அண்ணாந்து எண்ணிய என் தோழி நாற்பதோடு நிறுத்திக்கொண்டாள். அங்கே தொங்கும் குதிரை வீரன் விளக்கும், கருங்கல் கட்டிலும், சீனர்கள் அளித்த நாற்காலியும் காணத்தக்கவை.

பூமுகத்தின் மேலே மந்திரசாலை உள்ளது. அரசர் அமைச்சர்களோடு கூடி ஆலோசித்த இடம் அது. சாய்வாக அடுக்கிய மரப்பட்டிகை வழியாகக் காற்று வருகிறது, வெயில் வருவதில்லை. சன்னலில் பதித்த வண்ண அபிரகத் தகடுகள் ஒளியை மென்மையாக்கி உள்ளே அனுப்புகின்றன. மின்விசிறி இல்லாத காலத்தில் இத்தனை குளிர்ச்சி! அறிவியல் பாடநூலில் படித்த காற்றோட்டம் என்னும் சொல்லின் பொருள் எனக்கு அங்கேதான் விளங்கியது.

தாய்க்கொட்டாரத்தின் நடுவே திறந்த முற்றம் இருக்கிறது. நான்கு பக்கக் கூரைகளும் முற்றத்தை நோக்கிச் சரிந்து, நான்கு மூலைத் தூண்களின் மீது நிற்கின்றன. இவ்வமைப்புக்கு நாலுகெட்டு என்று பெயர். மழை பெய்தால் வீட்டின் நடுவிலேயே மழையைப் பார்க்கலாம். அதன் மூலையிலுள்ள ஏகாந்த மண்டபத்தில் ஒரே பலாமரத்தில் செதுக்கிய தூண் ஒன்று உண்டு. அத்தூணில் பூவும் கொடியும் இல்லாத இடமே இல்லை.

மன்னரின் நான்கு அடுக்கு மாளிகை உப்பரிகை மாளிகை எனப்படும். அடித்தளம் கருவூலம், அதன் மேல் படுக்கையறை. அங்கே பல வகை மூலிகை மரங்களால் செய்த கட்டில் இருக்கிறது. அறுபத்து நான்கு வகை மரங்கள் என்று வழிகாட்டி கூறினார். உச்சியிலுள்ள வழிபாட்டு அறையின் சுவர்களில் 18-ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் இருக்கின்றன. மணிமாளிகையில் எடைக்கல் கீழிறங்கும் விசையால் இயங்கும் பழைய கடிகாரம் உள்ளது. இயற்பியல் பாடத்தில் படித்த நிலை ஆற்றலுக்கும் இயக்க ஆற்றலுக்கும் இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

தெக்கே கொட்டாரம் என்னும் தென்புற மாளிகையில் பழங்காலத்து வீட்டுப் பொருள்கள் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கின்றன. அரசரின் வாளுக்கு முன் கூடிய கூட்டம் அங்கே கூடவில்லை. வீடு திரும்பி அம்மாச்சியின் கேள்வியைக் கேட்ட பிறகுதான், அங்கே இன்னும் சிறிது நேரம் நின்றிருக்கலாமே என்று நான் வருந்தினேன்.

கருந்தளம்

மந்திரசாலையின் தரை கறுப்பாக, முகம் தெரியும் அளவுக்கு வழவழப்பாக இருக்கிறது. சுட்ட தேங்காய்ச் சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டையின் வெண்கரு, கருப்பட்டி முதலியவற்றைக் கலந்து, தேய்த்துத் தேய்த்து இத்தரையை உருவாக்கியதாகக் கூறுகிறார்கள்.

'கரி' என்றதும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் சேர்ந்தால் கருமருந்து என்பது எங்கள் பக்கத்தில் எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். என் அம்மா, 'பயர் ஆபீஸ்' என்று நாங்கள் அழைக்கும் பட்டாசு ஆலையில் சரவெடி பின்னுகிறார். மாலையில் வீடு திரும்பி எத்தனை முறை சோப்புப் போட்டுக் கழுவினாலும் விரல் இடுக்கில் மருந்தின் சாம்பல் நிறம் போவதில்லை. தீபாவளி இரவில் வானத்தில் பூக்கும் பூவைப் பார்ப்போர் அந்த விரல்களைப் பார்ப்பதில்லை.

அந்தத் தரையையும் யாரோ தேய்த்திருக்க வேண்டும். சிரட்டையைச் சுட்டவர், கரியை இடித்தவர், நாள் கணக்கில் குனிந்து தேய்த்தவர் ஆகியோரின் கைகளும் கறுத்துத்தான் இருந்திருக்கும். தரை நானூறு ஆண்டுப் புகழில் பங்கு பெற்றது. கைகள் பெறவில்லை.

ஊட்டுப்புரை

அரண்மனையின் உணவுக்கூடத்துக்கு ஊட்டுப்புரை என்று பெயர். இரண்டு தளங்களாக நீண்டு கிடக்கும் அக்கூடத்தில் ஒரே வேளையில் ஆயிரம் பேருக்கு மேல் அமர்ந்து உண்ணலாம். ஊறுகாய் போட்டுவைத்த பெரிய சீனச் சாடிகள் இன்றும் இருக்கின்றன. அன்னதானம் செய்த அரசரை நாங்கள் அனைவரும் மனத்துக்குள் வாழ்த்தினோம்.

பிறகு நூலகத்தில் படித்தபோது ஒன்று தெரிந்தது. திருவிதாங்கூர் நாட்டில் ஊட்டுப்புரைகள் பிராமணர்களுக்கு இலவச உணவு வழங்குவதற்காக ஏற்பட்டவை. நெல் விளைவித்த உழவரும், விறகு சுமந்த கூலியாளும் அந்தப் பந்தியில் அமர இயலாது.

இதை அம்மாச்சியிடம் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நான் ரெண்டு வருசம் பள்ளிக்கூடம் போனேன் தாயி. மத்தியானம் சோறு போட்டாக, அதனால அனுப்புனாக. தம்பி பொறந்ததும் நிறுத்திட்டாக" என்றார். அம்மாச்சி பள்ளிக்குச் சென்றவர் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

அம்மாச்சி உண்ட அந்தச் சோறு, 1956-இல் முதலமைச்சர் காமராசர் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்தின் சோறு. அது இன்ன சாதிக்கென்று போட்ட சோறு அன்று. பசித்து வந்த பிள்ளைகளுக்கெல்லாம் ஒரே வரிசையில் போட்ட சோறு. ஆயிரம் பேர் அமரும் கூடம் அந்தத் திட்டத்துக்கு இல்லை. வேப்பமரத்தடிதான் கூடம். ஆனால் அந்தப் பந்தி பெரிது.

கூட்டிப் பெருக்கியவர்கள்

இனி அம்மாச்சியின் கேள்விக்கு வருகிறேன். திருவிதாங்கூரில் 'ஊழியம்' என்றொரு முறை இருந்தது. அரண்மனைக்கும் கோயிலுக்கும் அரசுக்கும் வேண்டிய வேலைகளைத் தாழ்த்தப்பட்டோரிடமும் ஒடுக்கப்பட்டோரிடமும் கூலியின்றி வாங்கும் முறை அது. சுமை தூக்குவது, விறகும் ஓலையும் கொண்டு வந்து போடுவது போன்ற கடினமான வேலைகள் அவர்கள் தலையில் விழுந்தன. அடிமைகளும் இருந்தார்கள். மனிதரை மனிதர் உடைமையாக வைத்திருப்பதை முற்றிலும் ஒழிக்கும் அறிவிப்பு 1855-இல்தான் வந்தது. நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல ஆண்டுகள் அடியும் அவமானமும் பட்டுப் போராடினார்கள்; 1859-இல் அரசு இறங்கி வந்தது. 1936 நவம்பர் 12 அன்று மன்னர் சித்திரைத் திருநாள் அனைத்துச் சாதியினருக்கும் கோயில் கதவுகளைத் திறந்துவிட்டார். அவ்வறிவிப்பை நாடே பாராட்டியது.

அரசர்களின் பெயர்கள் ஆண்டுகளோடு நம் குறிப்பேட்டில் ஏறிவிடுகின்றன. தொண்ணூறு பூவைச் செதுக்கிய தச்சரின் பெயரும், துடைப்பம் பிடித்த பெண்ணின் பெயரும் ஏறுவதில்லை. அம்மாச்சியின் கேள்விக்கு என்னால் கூற முடிந்த விடை இவ்வளவே: வாயிலில் நிமிர்ந்து நடக்க உரிமை இல்லாதவர்களின் உழைப்பால்தான் அந்த வீடு நின்றது.

ஓர் அரண்மனை அலுவலர்

அந்த அரண்மனையில் வேலை பார்த்தவர்களுள் ஒருவரின் பெயர் மட்டும் உலகெங்கும் தெரிந்திருக்கிறது. அவர் மார்த்தாண்ட வர்மாவின் அலுவலராக இருந்த நீலகண்ட பிள்ளை. 1712 ஏப்ரல் 23 அன்று நட்டாலத்தில் பிறந்தவர். உயர்ந்த குலம், அரண்மனைப் பதவி, அன்பான மனைவி என்று எல்லாம் இருந்தும் துன்பங்களால் மனம் சோர்ந்திருந்த காலத்தில், டி லனாயின் வழியாகக் கிறிஸ்துவைப் பற்றி அறிந்தார். 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார்.

அதன்பின் அவர் சாதி வேற்றுமை பாராமல் எல்லோரோடும் சமமாகப் பழகினார். மனிதர் யாவரும் சமம் என்று பேசினார். அரண்மனையில் பதவி வகித்த ஒருவர், யாரை ஒதுங்கி நில் என்று விரட்டினார்களோ அவர்கள் அருகில் சென்று நின்றார். 1749-இல் அவர் கைது செய்யப்பட்டார். எருக்கம்பூ மாலையிட்டு, எருமை மீது ஏற்றி, ஊர் ஊராக அவரைக் கொண்டு சென்றார்கள். மூன்று ஆண்டுத் துன்பத்துக்குப் பிறகு, 1752 சனவரி 14 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் உயிர் நீத்த இடமே, வரும் வழியில் சகோதரி அவர்கள் எங்களுக்குக் காட்டிய காற்றாடிமலை. அவருடைய உடல் கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தார். அவர் குருவும் அல்லர், துறவியும் அல்லர். நம் தந்தையரைப் போல் குடும்பம் நடத்திய மனிதர்.

திரும்பும்போது காற்றாடிமலை அந்தி வெயிலில் சிவந்து தெரிந்தது. பேருந்தில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தவர்கள் தாமாகவே நிறுத்திக்கொண்டோம்.

கடல் கடந்த மாளிகைகள்

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய கதை அன்று. மெக்சிகோ நாட்டில் ஸ்பானியர் ஆட்சிக் காலத்தில் தோன்றிய பெரும் பண்ணைகளுக்கு 'அசியெண்டா' என்று பெயர். மதிலுக்குள் முதலாளியின் மாளிகை, சிற்றாலயம், களஞ்சியம் எல்லாம் இருக்கும். தொழிலாளர் குடிசைகள் தள்ளி இருக்கும். தொழிலாளிகள் பண்ணைக் கடையிலேயே கடனுக்குப் பொருள் வாங்க நேர்ந்தது. கடன் அடையாது, அடையாத வரை வேறிடம் போக முடியாது. முன்பணம் என்னும் சொல்லைக் கேட்டறியாத வீடு எங்கள் ஊரிலும் இல்லை. ஆகையால் இது எனக்கு எளிதில் விளங்கியது. 1910-இல் அங்கே புரட்சி மூண்டது. 1917-ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை என்று வகுத்து, முதலாளிகளுக்குத் தொழிலாளிகள் பட்டிருந்த கடன்களையும் நீக்கியது. இன்று அம்மாளிகைகளுள் பல அருங்காட்சியகங்களாக இருக்கின்றன. அங்கே செல்லும் மாணவியரின் பாட்டிமார்களும் என் அம்மாச்சியின் கேள்வியையே கேட்கக் கூடும்.

விருதுநகரில் ஒரு சிறு வீடு

இக்கட்டுரையை எழுதிக்கொண்டிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாச்சியை விருதுநகருக்கு அழைத்துச் சென்றேன். அங்கே காமராசர் வாழ்ந்த வீடு நினைவு இல்லமாகப் பாதுகாக்கப்படுகிறது. 1903 சூலை 15 அன்று விருதுநகரில் பிறந்து, தந்தையை இழந்து, பன்னிரண்டு வயதளவில் படிப்பை நிறுத்தி, பின்னாளில் ஒன்பது ஆண்டுகள் முதலமைச்சராக இருந்தவரின் வீடு அது. குறுகிய தெருவில் சிறிய வீடு. ஆறரை ஏக்கர் இல்லை. மூலிகைக் கட்டில் இல்லை. அவர் சென்னையில் வாழ்ந்ததும் வாடகை வீட்டில்தான்.

இத்தனை பக்கத்தில் இருந்தும் அம்மாச்சி அதுவரை அங்கே சென்றதில்லை. வாசலில் நின்று பெயர்ப் பலகையைப் பார்த்து, "கா... ம... ரா..." என்று எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்தார். பலகையை முழுவதும் வாசித்து முடிக்கும் வரை வாசலை விட்டு அசையவில்லை. இரண்டு ஆண்டுப் பள்ளிப் படிப்பு அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அவரிடம் மிஞ்சியிருந்தது. உள்ளே சென்றதும் படங்களைப் பார்ப்பதற்கு முன் தரையைத்தான் பார்த்தார்.

"நல்லாத்தான் பெருக்கி வச்சிருக்காக" என்றார்.

அங்கே பெருக்கிக்கொண்டிருந்த அக்கா அதைக் கேட்டுச் சிரித்தார்கள். அம்மாச்சி அவரிடம் பேரும் ஊரும் பிள்ளைகள் எத்தனை என்பதும் விசாரித்த பிறகே படங்களைப் பார்க்க வந்தார். பத்மநாபபுரத்தில் அரை நாள் சுற்றிய நான், அங்கே பெருக்கியவர்கள் யாரிடமும் பெயர் கேட்கவில்லை.

முடிவுரை

அன்புத் தோழியரே! பத்மநாபபுரம் அரண்மனை நம் முன்னோரின் அறிவுக்கும் கைத்திறனுக்கும் சான்றாக நிற்கிறது. வாய்ப்புக் கிடைத்தால் தவறாமல் சென்று பாருங்கள். திங்கட்கிழமை விடுமுறை என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். பூமுகத்தின் தொண்ணூறு பூக்களையும் எண்ணுங்கள். கருந்தளத்தில் உங்கள் முகத்தைப் பாருங்கள். அதைத் தேய்த்தவரின் முகத்தையும் எண்ணிப் பாருங்கள்.

என் அம்மாச்சி பள்ளியை விட்ட வயதில், பிள்ளைகளைத் தீப்பெட்டி, பட்டாசு வேலைக்கு வைக்கக் கூடாது என்னும் சட்டம் இருந்தும் அது அவரைக் காக்கவில்லை. நான் பதினைந்து வயதில் வரலாறு எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றால், அதன் பின்னால் அம்மாச்சி அடுக்கிய கட்டைகளும் அம்மா பின்னிய சரங்களும் இருக்கின்றன. அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. ஆகவே இந்த ஆண்டு மலரிலாவது அவர்களுக்கு ஓர் இடம் இருக்கட்டும் என்று எழுதினேன்.

அடுத்த கல்விச் சுற்றுலாவுக்குச் செல்லும் தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். குறிப்பேட்டில் அரசர் பெயர் எழுதிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தைக் காலியாக விடுங்கள். வீட்டுக்கு வந்து பாட்டியிடம் சொல்லுங்கள். அவர்கள் கேட்கும் கேள்வியை அந்தப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.